கிராம்பு தூக்கலான ஜின்

இஷ்பெல்லுக்கு ஏழு மாதமாக எந்த வாசனையும் தெரியவில்லை. ஏப்ரலில் வந்த காய்ச்சல் போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஸ்காட்லாந்தின் மோரே கடற்கரையில் ஒரு சின்ன ஜின் வடிசாலையில் முகர்ந்து, ருசி பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. இப்போது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி டார்க்வில் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

இந்த வருடக் குளிர்கால ஜின்னை டார்க்வில் தன் மூக்கை மட்டும் நம்பி வடித்திருந்தான். டிசம்பர் முதல் சனிக்கிழமை, ருசி பார்க்கக் கடையில் ஊரே கூடியிருந்தது. முதல் கோப்பை எஃபி கெடிஸுக்கு. துறைமுகத்து ஹோட்டல் அவளுடையது. அவள் தலையாட்டினால் பண்டிகை முடியும்வரை இந்த ஜின் அங்கே ஓடும். ஐஸ், டானிக் என்கிற கசப்புச் சோடா, ஆரஞ்சுத் துண்டு போட்டு டார்க்வில் நீட்டினான்.

எஃபி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"ஏம்ப்பா, இது ஜின்னா? பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்த மாதிரி இருக்கு!"

கடையே சிரித்தது. டார்க்விலின் காது சிவந்தது. அறுநூறு புட்டி அடைத்தாயிற்று.

கோப்பையை அப்புறப்படுத்தக் குனிந்த இஷ்பெல் அப்படியே நின்றுவிட்டாள். மூக்கில் ஏதோ சுருக்கென்று ஏறியது. கோப்பைக்குள் முகத்தை நுழைத்தாள். கிராம்பு! அதற்குப் பின்னால், ஜின்னுக்கே உரிய ஜூனிப்பர் காயின் காட்டு வாடை. இன்னும் அடியில், மெல்ல, ஏலக்காய்.

"என்ன, அழறியா?" என்றான் டார்க்வில்.

"அழல. கிராம்பை இப்படியா அள்ளிக் கொட்டுவே, மடையா!"

"உனக்கு... தெரியுதா?"

"தெருமுனையில இருக்கவனுக்கே தெரியும். தள்ளு. எஃபியம்மா, ரெண்டு நிமிஷம் இருங்க, போயிடாதீங்க."

டானிக்கை ஒதுக்கினாள். ஆப்பிள் சாற்றை அடுப்பில் சூடாக்கி, முகர்ந்தாள். எலுமிச்சை கொஞ்சம் பிழிந்தாள், மறுபடி முகர்ந்தாள். போதாது, இன்னும் நாலு சொட்டு. ஜின்னை ஊற்றி, பேரிக்காயைக் கண்ணாடி போலச் சீவி மேலே மிதக்கவிட்டாள். எரிச்சலாக இருந்த கிராம்பு ஆப்பிளோடு சேர்ந்து அடங்கிக் கனிந்தது. ருசி பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

எஃபி குடித்தாள். இன்னொரு வாய். அப்புறம் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"அடுப்புல இருந்து இறக்கின ஆப்பிள் கேக் மாதிரியில்ல இருக்கு! பன்னிரண்டு பெட்டி அனுப்பு, டார்க்வில். ஆனா இவளும் வரணும். எங்க ஆளுங்களுக்கு ஊத்திக் காட்டணும்."

"அவகிட்டயே கேளுங்க, வருவாளான்னு," என்றான் டார்க்வில். அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வரேன். அடுத்த வடிப்பு என் மூக்குக்குத் தப்பாதுன்னா வரேன்."

"தப்பவே தப்பாது!"

அதற்குள் பத்துக் கைகள் கோப்பையை நீட்டின. நனைந்த கம்பளிக் கோட்டு, யாருடைய நாயோ, பெப்பர்மின்ட், ஈர பூட்ஸ், எல்லா வாடையும் ஒன்றாக வந்து மோதின. எல்லாமே அவளுக்கு மணத்தன. இஷ்பெல் மூச்சை ஆழ இழுத்துக்கொண்டு, சூடான பாத்திரத்தைச் சாய்த்து வரிசையாக ஊற்ற ஆரம்பித்தாள்.