கால் தரையில் படாமல்

"பேரு காசிநாதன், வயசு இருபத்திரெண்டு, சொந்த ஊரு கருங்குழி, இப்ப கீறது சைக்கிள் மேல." மைக்கில் அவன் கூட்டாளி மதார் சாகிப் இப்படிச் சொல்லும்போதெல்லாம் மகாபலிபுரம் மைதானத்தில் சிரிப்பு எழும். மூன்றாம் நாள் மத்தியானம் யாரும் சிரிக்கவில்லை. எழுபத்து நான்காம் வருஷத்துக் கத்திரி வெயில். கூட்டம் புங்கமர நிழலுக்கு ஒதுங்கிவிட, நடுவில் நட்ட கம்பத்தைக் காசிநாதன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தான்.

சாப்பாடு, தூக்கம் எல்லாம் சைக்கிள் மேலேதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை கால் தரையில் படாவிட்டால், செங்கல்பட்டில் கூடாரம் போட்டிருக்கும் சர்க்கஸில் சேர்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். சேர்ந்தாயிற்று என்றே அவன் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தான். போன வருஷம் மதுராந்தகத்தில் ஒன்றுக்கு ஒதுங்க இறங்கித்தான் தோற்றான். அதனால் இந்தத் தடவை தொண்டையை நனைத்துக்கொள்வதோடு சரி. மதார் சாகிப் சொல்லிக்கொடுத்த யோசனை அது.

காலையில் சட்டையைப் பிழியலாம்போல வேர்த்தது. பிறகு கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. இப்போது சட்டை காய்ந்து, முதுகில் உப்புப் பூத்திருந்தது. தோல் அடுப்பில் வைத்த சட்டியாகக் காந்தியது. நெஞ்சு மட்டும் அவனை முந்திக்கொண்டு ஓடியது.

மோர் விற்கும் பார்வதம் உற்றுப் பார்த்தாள். "இன்னாடா இது, குந்திகினு இருக்கசொல்லவே எங்களுக்கு ஊத்துது. உனக்கு ஒரு சொட்டு வேர்வையக் காணோம்?"

"அதான் யக்கா தெம்பு. ஒடம்பு வெயிலுக்குப் பழகிக்கிச்சு," என்றான் மதார் சாகிப். அதையே மைக்கிலும் பெருமையாகச் சொன்னான். இரண்டு பேர் கைதட்டினார்கள். காசிநாதனும் நம்பினான். வேறு எதைத்தான் நம்புவது?

"ஒரு வாய் மோராச்சும் குடி நைனா."

"ஞாயித்துக்கெழம குடிக்கிறேன் யக்கா." நாக்கு தடித்துச் சொல் குழறியது.

அடுத்த சுற்றில் குளிர்ந்தது. கையெல்லாம் மயிர் சிலிர்த்து நின்றது. இந்த வெயிலில் மார்கழி எங்கிருந்து வந்தது என்று யோசித்தான். சிற்பக் கொட்டகையின் உளிச்சத்தம் தூரப் போய்க்கொண்டே இருந்தது. கம்பம் இரண்டாகத் தெரிந்தது. எதைச் சுற்றுவதென்று புரியாமல் இரண்டுக்கும் நடுவே ஓட்டினான்.

விழுந்தது தெரியவில்லை. கன்னத்தில் மணல் சுட்டது. குதிகாலிலும் சுட்டது மாதிரி இருந்தது. மேலே மதார் சாகிப்பின் முகம்.

"மச்சான், காலு பட்டுச்சா?" என்று முனகினான் காசிநாதன்.

மதார் சாகிப் அவன் கால்பக்கம் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

"படல மச்சான்."

எங்கோ காதருகில் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மைக் கையிலேயே இருந்ததால், பழக்கத்தில் ஆரம்பித்தான் மதார் சாகிப். "பேரு காசிநாதன், வயசு..." குரல் அறுந்தது. அப்புறம் ஒலிபெருக்கி மைதானம் முழுக்கக் கேட்டது.

"யாராவது கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."