தலையாட்டி

யாராவது பேசினால் அன்ரனிற்றாவின் தலை தானாக ஆடும். சம்மதம் என்றில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குத்தான். நம்மில் யாருக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை? மன்னாரில் பிறந்தவள், ஜேர்மனியில் எர்லாங்கன் முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் வேலை செய்தும் அந்தத் தலை மட்டும் ஜேர்மன் படிக்கவில்லை.

அங்கே லிம் அம்மா அவள் கையால் மட்டுமே சாப்பிடுவார். ஈப்போவில் பிறந்த மலாயாச் சீனர், கல்யாணம் முடித்து இங்கே வந்தவர். மறதி நோய் சிறுவயதை மட்டும் விட்டுவைத்திருந்தது; அதையே அன்ரனிற்றாவிடம் சொல்லிக்கொண்டிருப்பார். யப்பான்காரன் தோற்று, பிரித்தானியப் பட்டாளம் ஊரை ஆண்ட காலம் அது. யப்பான் காசு வெறும் கடதாசியாகிவிட, அரிசி கள்ளச் சந்தைக்குப் போனது. சீனர்கள் அரிசி கேட்டு ஊர்வலம் போனார்கள். மறுநாள் சிப்பாய்கள் தெருவையே வரிசையில் நிறுத்தினார்கள். ஜீப்பில் சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருந்தான். லிம் அம்மாவின் அண்ணனைக் கண்டதும் தலையை ஆட்டினான். அண்ணன் திரும்பி வரவேயில்லை.

அன்ரனிற்றாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மன்னாரில் ஆமி சுற்றிவளைத்தபோதும் அப்படி ஒருவன் வருவான். தலையாட்டி என்பார்கள்.

போன மாதம் லிம் அம்மா தனியே தெருவுக்கு இறங்கிவிட்டார். பூட்டிய பிரிவுக்கு மாற்றுவதா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அங்கே வேலைக்கு வேறு ஆட்கள். போனால் லிம் அம்மா பட்டினிதான். வேண்டாம் என்று வாதாட அன்ரனிற்றா வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்தாள். அதிகாரி கடகடவென்று பேசினார். பக்கத்திலிருந்த லிம் அம்மாவைக் காட்டி, தெருவுக்குப் போனவர் இவர்தானே, இங்கே வைத்திருப்பது ஆபத்துத்தானே என்றார். அவர் முடிக்கட்டும் என்று அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாழாய்ப்போன தலை ஆடிக்கொண்டிருந்தது.

நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், நன்றி என்று அவர் எழுந்துவிட்டார். பின்னால் ஓடி என்ன சொல்லியும் எடுபடவில்லை. திரும்பி வந்தபோது லிம் அம்மா சுவரோடு ஒட்டி நின்றார். தலை ஆடியதை அவரும் பார்த்திருந்தார்.

வீட்டில் கணவன் யோசப்பிடம் சொன்னாள்.

"நான் தலையாட்டிப்போட்டனப்பா."

"நீர் கேட்டுக்கொண்டெல்லோ நிண்டனீர்?"

"அது எனக்குத் தெரியும். அவவுக்கு எப்பிடிச் சொல்லுறது?"



அடுத்த லீவு நாளில் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பூட்டிய பிரிவுக்குப் போனாள். லிம் அம்மா யார் கொடுத்தும் சாப்பிடுவதில்லை என்றார்கள். கரண்டியை நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்திருந்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"இன்றைக்கு யாரைக் காட்ட வந்தாய்?"

இல்லை என்று தலையசைக்கக்கூட அன்ரனிற்றாவுக்குப் பயமாக இருந்தது.