பாலத்தில் பதினெட்டாவது தடவை

ஒன்பதாவது களத்தில் ஒரு பாலம் வரும். இந்தக் கரையில் நம் ஆட்கள் ஆறு பேர். அக்கரையில் கோட்டைக் கதவு. பக்கவாட்டில், மரங்களுக்கு நடுவே, எதிரியின் வில்லாளிகள் நான்கு பேர். நாம் ஒருமுறை நகர்ந்தால் அவர்கள் ஒருமுறை நகர்வார்கள். நகர்ந்தோ நகராமலோ நம் முறையை முடிக்கும்வரை அவர்கள் அப்படியே நிற்பார்கள், எத்தனை நாள் ஆனாலும். செத்தவர் திரும்ப வரமாட்டார். அவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அடுத்த களத்தில் அவர் இடம் காலியாக இருக்கும்.

கணினி ஆட்டம்தான். கல்யாணமான முதல் வருடம் நானும் உஸ்மாவும் ஆடினோம். ஆட்களுக்குப் பெயர் வைத்தது அவள். கேடயக்காரன் பாசில், நான். குதிரைக்காரர் பக்ருதீன், அவளுடைய அப்பா. கோடாரி வைத்திருந்தவனுக்கு எங்கள் தெரு பால்காரர் சடையனின் பெயர். காயம்பட்டவர்களுக்கு மருந்து போடுகிற வைத்தியக்காரிக்குத் தன் பெயரையே வைத்தாள்.

இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு சேவ் கோப்புதான். ஒவ்வொரு அடியையும் அது தானே எழுதிக்கொள்ளும். பின்னால் போக முடியாது. நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். களம் தொடங்கும் முன் கோப்பை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துவைப்பேன். யாராவது செத்தால் அவள் சமையலறைக்குப் போன நேரம் பார்த்துப் பழைய கோப்பைத் திரும்பப் போட்டுவிடுவேன்.

நான்காவது களத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"நேத்து சடையன் செத்தான். நான் பாத்தேன். இன்னிக்கி எப்டி நிக்கிறான்?"

சொன்னேன்.

"அப்ப நேத்து நாம ஆடுனது இன்னாதுங்க?"

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனாள். எங்கே வைத்தாள் என்று சொல்லவில்லை.

ஒன்பதாவது களத்தில் வைத்தியக்காரி உஸ்மா செத்தாள். வில்லாளிகள் கலைந்து போகட்டும் என்று நான் இரண்டு முறை யாரையும் நகர்த்தாமல் நிறுத்தி, முறையை முடித்தேன். அவர்கள் கலையவில்லை. நெருங்கி வந்தார்கள். உஸ்மா பிஸ்கட் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்பவுமே இப்டித்தான். மழ விடட்டும், கூட்டம் கொறையட்டும், ஆபீசர் நல்ல மூடுக்கு வரட்டும். என்ன சாவடிச்சிட்டீங்க. போய் டீ போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்றாள்.

அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு ஒருநாள் அரிசி தீர்ந்தது. டப்பாவின் அடியில் பென்டிரைவ் கிடந்தது. துடைத்துவிட்டு, ஆட்டத்தை முதல் களத்திலிருந்து தொடங்கினேன். அதே பெயர்கள். இந்த முறை ஒருவரும் சாகக்கூடாது. வேங்கிக்காலில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை. போய்விட்டு வந்து ஆடுவேன். எட்டு களங்கள் வரை எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். பாலத்தில் மட்டும் பதினேழு தடவை அவள் செத்தாள். பதினேழு தடவை கோப்பை மாற்றினேன். கேடயக்காரனை முன்னால் விட்டுப் பார்த்தேன். ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உஸ்மாவின் தம்பி ஜீஷான் வந்தான். கீழ்பென்னாத்தூரில் சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறான். ஒரு பையில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை. இன்னொரு பையில் டைப் செய்த காகிதம்.

"அம்மா குடுத்தாங்க. சூடா இருக்கு, சாப்பிடுங்க மச்சான். இது அப்பா குடுத்தாரு. கையெழுத்து போட்டுடுங்க. நாளைக்கி திங்கக்கெழம, கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க."

படித்தேன். பௌர்ணமி நாட்களில் ஆம்புலன்ஸுக்கென்று ஒரு வழி விட வேண்டும் என்பது கோரிக்கை. நியாயமான கோரிக்கை. அதற்கு மேலே ஒரு பத்தி. என் மகளை அவள் கணவர் மதியம் இரண்டு மணிக்கே அழைத்துக்கொண்டு புறப்பட்டும் சாலை அடைக்கப்பட்டிருந்ததால் என்று தொடங்கியது. கீழே இரண்டு பெயர்கள். பக்ருதீன் என்ற பெயருக்கு மேல் கையெழுத்து இருந்தது. பாசில் என்ற பெயருக்கு மேல் காலியாக இருந்தது.

எங்கள் தெரு ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி என்றால் காலையிலேயே பாலும் காயும் வாங்கிவைத்துவிடுவோம். மறுநாள் காலைவரை வண்டியை எடுக்கமாட்டோம். காய்ச்சல் வந்தாலும் மாத்திரை போட்டுக்கொண்டு கூட்டம் கலையக் காத்திருப்போம். தெருவில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம்.

அந்தப் பௌர்ணமியன்று மதியம் இரண்டு மணிக்கு உஸ்மா வயிறு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றாள். வாயு மாத்திரை கொடுத்தேன். கூட்டம் குறையட்டும், காலையில் போகலாம் என்றேன். அப்போது சாலையில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. தடுப்பு வைத்தது நான்கு மணிக்கு. ஐந்து மணிக்கு அவள் மயங்கி விழுந்தாள். நடந்து வரும் கூட்டத்துக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தடுப்பில் நின்ற பெண் போலீஸ் ஒரு நிமிடத்தில் அதை நகர்த்தி, ஒரு வண்டியையும் பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில், கரு கருப்பைக்குள் போகாமல் குழாயிலேயே தங்கி வெடித்துவிட்டது என்றார்கள். அவள் உண்டாகியிருந்ததே எங்களுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, முடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா பக்ருதீன் கேட்டார். "ஏன் மாப்ள இவ்ளோ லேட்டு?"

"ரெண்டு மணிக்கே வலின்னு சொன்னா. ரோட அடச்சிட்டாங்க மாமா."

அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பேனா தேடுவதாகச் சொல்லி உள்ளே போனேன். பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது. திரும்பி வந்தபோது ஜீஷான் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இது அக்கா பேருதானே? அப்பா கூட இருக்காரு, குதுர மேல. அவருக்குத் தெரிஞ்சா ஓட்டற சைக்கிள வித்துட்டு குதுர வாங்கிடுவாரு."

"ம்."

"நகத்தட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்தியக்காரியைப் பாலத்தின் மேல் ஏற்றிவிட்டான். முதல் நகர்வே அதுதான்.

"அவள முன்னாடி உடாத ஜீஷான்."

"சும்மா இருங்க மச்சான். லோடு வண்டி ஓட்டறவன் நானு. கேப்பு கெடச்சா பூந்துடணும்."

அம்பு வந்தது. ஒன்றுதான். மற்ற மூவருக்கும் தூரம் எட்டவில்லை. அவள் உயிர்க்கோடு பாதியாகக் குறைந்தது. அடுத்த முறையில் அக்கரைத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கே அம்பு படாது. மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்தான். நான்கு முறையில் ஆறு பேரும் கதவருகே இருந்தார்கள்.

"அவ்ளோதான். வில்லுக்காரன் கிட்ட வர்றதுக்குள்ள போயிட்டா முடிஞ்சிது. எத்தினி வாட்டி ஆடினீங்க?"

"பதினேழு."

"பதினேழா? காலேஜ்ல இன்னாதான் சொல்லிக்குடுத்தாங்க?" மல்லாட்டை ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். "ஏன் நின்னுனே இருந்தீங்க?"

திரையில் அவள் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பாசில், கேடயத்தோடு.

"ஜீஷான். ரெண்டு மணிக்கி ரோடு தொறந்துதான் இருந்திச்சி."

புரியாமல் பார்த்தான்.

"நான் கெளம்பவே இல்ல. கூட்டம் கொறையட்டும்னு சொன்னேன். அஞ்சி மணிக்கிதான் தூக்கினேன். அந்த மனுவுல இருக்கிறது நெஜம் இல்ல."

உடைத்த தோலைக் கையிலேயே வைத்திருந்தான். எங்கே போடுவது என்று தெரியாதவன் போல.

"அக்கா போலாம்னு கேட்டுச்சா?"

"கேட்டா."

"எத்தினி வாட்டி?"

"ரெண்டு வாட்டி."

தோலை மல்லாட்டைப் பையிலேயே போட்டான். பிறகு மனுவை நான்காக மடித்துப் பையில் வைத்தான்.

"அப்பா ஊரு பூரா சொல்லினு இருக்காரு. மாப்ள அவள தூக்கினு நடந்தாரு, வழி உடலன்னு. பஸ்ஸுல பக்கத்துல குந்தறவங்க கிட்டகூட சொல்றாரு."

"தெரியும்."

"இத நான் போய் சொல்ல மாட்டேன். நீங்க வந்து சொல்லுங்க."

"நாளைக்கி காலைல வரட்டுமா? அவரு தொழுதுட்டு வந்து…"

சொல்லும்போதே அந்த 'நாளைக்கி' என் காதில் விழுந்தது. ஜீஷான் எழுந்தான். வேன் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

கணினியை அணைக்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வேனில் ஏறினேன். வழி முழுவதும் அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறை மட்டும், முன்னால் போன டிராக்டரைத் திட்டினான்.

கீழ்பென்னாத்தூரில் மாமா தன் கடை வாசலில் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"வாங்க மாப்ள. வெயில்ல ஏன் வந்தீங்க? இவன் கிட்டயே குடுத்து அனுப்பியிருக்கலாமே. கையெழுத்து போட்டாச்சா?"

ஜீஷான் வேனிலிருந்து இறங்கவில்லை.

"இல்ல மாமா," என்றேன். "நீங்க உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."