ஏழும் எட்டும் இல்லாத கடிகாரம்

நான்கு நாற்காலிகளில் மூன்றை அண்ணன் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் அடுக்கிவிட்டான். நான்காவதில் மாமனார் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கிற எண்ணமே அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"எந்திரிங்க மாமா. வண்டி ஆஸ்பத்திரிய விட்டுக் கிளம்பிடுச்சு. கொண்டுவந்து வைக்க இடம் வேணும்ல?"

"கொஞ்சம் இருப்பா." அவர் சுவரோரம் நின்றிருந்த தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "இந்த நாற்காலிதானே மாப்பிள்ளை?"

அவன் தலையை ஆட்டினான்.

"இப்படித்தான் கிடந்துச்சா? வாசலப் பாத்து?"

"ஆமா மாமா."

மேல்வீட்டு அக்கா சொன்னதை வைத்துத்தான் ஆமாம் என்றான். நேற்று மதியம் ஒரு மணிக்கு அந்த அக்காதான் முதலில் பார்த்தாள். கதவு தாழிடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. அவன் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேசைமேல் தலை சாய்த்திருந்தாள். தூங்குகிறாளாக்கும் என்று தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. காலில் செருப்பு. மடியில் கைப்பை.

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். பதினொன்றரை மணி வாக்கில் இருக்கலாம். முப்பது வயசில் இப்படி வருமா என்று மாமனார் கேட்டதற்கு, வரும், பிறந்ததிலிருந்தே அங்கே ஒரு குழாய் பலவீனமாக இருந்திருக்கும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

மாமனார் பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருஷம் எஞ்சின் கோளாறு பார்த்தவர். மகள் உட்கார்ந்த நாற்காலியில் மகள் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்திருந்தார். உள்ளே அவள் செருப்பும் கைப்பையும் இருந்தன.

"வீட்டுக்குள்ள பாப்பா செருப்பு போடமாட்டா. அப்போ எங்கயோ கிளம்பியிருக்கா. கிளம்பினவ எதுக்கு உக்காந்தா? கதவ எதுக்குத் தாழ் போடல?" குரலில் அழுகை இல்லை. கோளாறு தேடும் குரல். "இங்கேருந்து பாத்தா நேரா வாசல்தான் தெரியுது. யாருக்கோ காத்துக்கிட்டு இருந்திருக்கா."

"இப்ப எதுக்கு மாமா இந்த ஆராய்ச்சி?" என்றான் அண்ணன். "சுடுகாட்டுல மூணரைக்கு நேரம் குடுத்திருக்கான். ஒரு நிமிஷம் தாண்டினாலும் நாளைக்குன்னு சொல்லிடுவான்."

"கோளாறு எங்கேன்னு தெரியாம பானெட்ட மூடிட்டுப் போக எனக்கு வராதுப்பா." மறுபடியும் இவன் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா மாப்பிள்ளை? போன் கீன் ஏதும்?"

"இல்ல மாமா."

நேற்றிலிருந்து இதோடு நான்காவது முறை. பொய் என்று அடித்துச் சொல்லவும் அவனால் முடியவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று அவனுக்கே தெரியாது.

போன் சட்டைப்பையில் இருந்தது. அதில் அவள் பேசி அனுப்பியது ஒன்று இருந்தது. நேற்றுக் காலை பத்து நாற்பது. நீளம் நான்கு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. அதற்குக் கீழே அவன் போட்ட கட்டைவிரல் குறி. பத்து நாற்பத்தொன்று.

பார்சல் கிடங்கில் வண்டி அனுப்பும் பிரிவில் அவனுக்கு வேலை. எந்தத் தகவல் வந்தாலும் ஒரு நிமிஷத்துக்குள் கட்டைவிரல் போட்டாக வேண்டும். தவறினால் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி விழும். அங்கே கட்டைவிரலுக்கு 'வந்து சேர்ந்தது' என்றுதான் பொருள். புரிந்தது என்றோ செய்கிறேன் என்றோ யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பேசி அனுப்புவதை எல்லாம் இரட்டை வேகத்தில்தான் கேட்பார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு வந்தால் வேறு என்ன செய்வது?

அந்தப் பழக்கம் செருப்போடு சேர்ந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

அவள் தினமும் ஒன்றிரண்டு அனுப்புவாள். எதையாவது ஞாபகப்படுத்திக்கொள்ளும்போது மனுஷர்கள் ஏன் மேலே பார்க்கிறார்கள். போகும்போது நீளமாக இருக்கிற தெரு திரும்பி வரும்போது ஏன் குட்டையாகிவிடுகிறது. பதில் வேண்டும் என்றுகூட இல்லை, அவளோடு சேர்ந்து இரண்டு நிமிஷம் யோசிக்க ஓர் ஆள் வேண்டும். அவன் முதல் வரியைக் கேட்பான், கட்டைவிரல் போடுவான்.

"நான் பேசறது உனக்கு அணில் கத்தற மாதிரிதானே கேக்குது?" என்று கேட்டிருக்கிறாள். "என்னிக்காவது ஒருநாள் நிஜமாவே ஒரு அணில விட்டுப் பேச வைக்கப்போறேன். உனக்கு வித்தியாசம் தெரியப்போறதில்ல."

வண்டி வந்தது. நான்கு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். நாற்காலி சுவரோரம் நகர்ந்தது, மாமனாரோடு. டிரைவர் எஞ்சினை அணைக்காமல் உறுமவிட்டிருந்தான். சன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது.

வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். பாதிப் பேர் வாசலைத் தாண்டும்போதே போனை எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல அவனுக்கு யோக்கியதை இல்லை.

அவள் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். லென்ஸ் வெட்டுகிறவர். விரல் நுனியெல்லாம் கண்ணாடித் தூளில் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அவன் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"கடையில அவங்க பேரு என்னன்னு தெரியுமா சார்? நாப்பது நிமிஷம். ஒரு ஆளோட கண்ணப் பாக்க முதலாளி குடுக்கறது பன்னெண்டு நிமிஷம். இவங்க நாப்பதுக்குக் கொறைஞ்சு யாரையும் எழுப்பினதில்ல. 'எது தெரியுது'ன்னு கேட்டுட்டு விடவேண்டியதுதானே? இவங்க 'எப்படித் தெரியுது'ன்னு ஆரம்பிப்பாங்க. வந்த ஆளும் வாயப் பொளந்துக்கிட்டு சொந்தக் கதையெல்லாம் சொல்லுவான். வெளிய வரிசை நிக்கும், முதலாளி பல்லக் கடிப்பாரு." சிரிக்கப் பார்த்தார். பாதியிலேயே நின்றுவிட்டது. "ஆனா மூணு பேர நாற்காலியிலேருந்தே நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவங்க சார். ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் மறைஞ்சா அது கண்ணு இல்ல, தலை. உடனே ஓடணும். எனக்கே பாடம் எடுத்திருக்காங்க. மூணு பேரும் இன்னிக்கும் நடமாடறாங்க. இவங்களுக்கு மட்டும் தெரியாமப் போச்சே."

"தெரிஞ்சிருக்கும்." மாமனார் நாற்காலியிலிருந்து சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அவன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டான். குழாயைத் திறந்துவிட்டான். போனைக் காதோடு அழுத்தினான். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"இங்க பாரேன், ஒரு வேடிக்கை. நம்ம சுவர்க் கடிகாரத்துல ஏழயும் எட்டயும் காணோம்."

இது அவனுக்கு ஞாபகம் இருந்தது. கட்டைவிரல் போட்டது இந்த இடத்தில்தான்.

அணில் குரல் தொடர்ந்தது. கடிகாரத்தின் நடுவைப் பார்த்தால் கீழே இடது பக்கம் மட்டும் மறைகிறது. வலது கண்ணை மூடினாலும் அதேதான், இடது கண்ணை மூடினாலும் அதேதான். அப்போ கண்ணு இல்ல, பின்னாடி எங்கயோ. பின்னந்தலை வலது பக்கம் லேசாகக் கனக்கிறது. பயப்படாதே. ஆனா ஒண்ணு கேளேன், மறைஞ்ச இடம் கறுப்பா இல்ல, ஓட்டையாவும் இல்ல. வெள்ளையா கடிகாரம் மாதிரியேதான் இருக்கு, நம்பர் மட்டும் இல்ல. தெரியாத இடத்துல தலை அதுபாட்டுக்கு எதையோ போட்டு நிரப்பிக்குது. எத்தன பேர எப்படித் தெரியுதுன்னு கேட்டிருக்கேன், தெரியாதது எப்படி இருக்கும்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

நடுவில் ஒரு மூச்சு. பிறகு:

"சரி, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். இங்கேருந்து பத்து நிமிஷம்தான். தனியா வண்டி பிடிச்சுப் போகவா, நீ வரியா? நீ வந்தா நல்லாயிருக்கும். வரதா இருந்தா காத்திருக்கேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, நான் மேல்வீட்டு அக்காவக் கூட்டிட்டுக் கிளம்பிடறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

அதற்குக் கீழே கட்டைவிரல்.

அவள் கிடங்கில் வேலை பார்த்தவள் இல்லை. அவளுக்குக் கட்டைவிரல் என்றால் 'சரி, வரேன்'. செருப்பை மாட்டியிருக்கிறாள். தாழை நீக்கியிருக்கிறாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கிடங்கிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிஷம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் விரல் அந்தச் சேதியின் மேல் அழுந்தியது. அழிக்கவா என்று போன் கேட்டது. ஆம், இல்லை. அவ்வளவுதான். ஒரு தொடு தொட்டால் முடிந்தது, பிறகு அந்த நாற்காலியைப் பற்றி எவரும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

கதவுக்கு வெளியே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கடைக்குக் கிளம்பியிருப்பா. மயக்கம் வந்து உக்காந்திருப்பா."

"பையெல்லாம் எடுத்துருக்காளே. என்னமோ மனஸ்தாபமா இருக்கும். அப்பா வீட்டுக்குக் கிளம்பியிருப்பா, பாவம்."

"மெதுவா பேசு. பெரியவர் இருக்காரு."

ஆனால் பெரியவர் கேட்டுவிட்டார். குழாயை மூடியபோது அவர் குரல் தெளிவாக வந்தது.

"எங்கிட்ட வரத்தான் கிளம்பினாளோ என்னமோ. போன வாரம் வரேன்னுதான் சொன்னா, ஒரு விஷயம் காட்டணும்ப்பான்னு. நான்தான், வேலை கிடக்கு, அப்புறம் வான்னுட்டேன். என்ன வேலை? டிவி ரிமோட்டப் பிரிச்சுப் போட்டிருந்தேன். அப்போ அவ வந்திருந்தா நான் மூஞ்சியப் பாத்திருப்பேன். ஏதோ ஒண்ணு வித்தியாசமா தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சிருக்கும்."

அவர் அதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தார்.

அவன் 'இல்லை'யைத் தொட்டுவிட்டுக் கதவைத் திறந்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே?" அண்ணன் அவன் தோளைப் பற்றினான். "மூணு ஆகப்போகுது. டிரைவர் ரெண்டு தடவ உள்ள வந்துட்டான். வா, ஒரு தடவ முகத்தப் பாத்துக்கோ, தூக்கிடலாம்."

அவன் அண்ணனைத் தாண்டிப் போய் மாமனாரின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவருடைய முழங்கால் அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. அதைப் பார்த்துத்தான் பேசினான்.

"மாமா. எங்கிட்ட சொன்னா."

"என்ன மாப்பிள்ளை?"

"பாப்பா எங்கிட்ட சொன்னா. நேத்து காலையில. பேசி அனுப்பியிருந்தா. நான் முழுசா கேக்கல."

அவர் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"இருக்கா அது?"

"இருக்கு."

"போடுங்க."

திரையின் ஓரத்தில் இரட்டை வேகம் என்ற குறி இருந்தது. அதைத் தட்டினான். ஒன்று என்று மாறியது. சத்தத்தைக் கூட்டி, போனை அவர் மடியிலிருந்த பிளாஸ்டிக் பையின் மேல் வைத்தான்.

"இங்க பாரேன்…" என்றாள் அவள்.

அணில் இல்லை. கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத குரல். அவனுக்கு ஒரு கணம் யாரோ மாதிரி இருந்தது. வாசல் பக்கம் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

மாமனார் இடது காதைச் சாய்த்துக் குனிந்தார். எஞ்சின்மேல் அப்படித்தான் குனிந்திருப்பார். ஏழும் எட்டும் காணோம் என்றபோது "ம்" என்றார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்ததைச் சொன்னபோது "சரியாத்தான் பாத்திருக்கே" என்று முணுமுணுத்தார். கறுப்பா இல்ல, ஓட்டையாவும் இல்ல என்றபோது அவர் உதடு லேசாக விரிந்தது. அவளுக்கும் அப்படித்தான் விரியும். நான்கு வருஷத்தில் அவன் அதைக் கவனித்ததில்லை.

"…தெரியாதது எப்படி இருக்கும்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

அதற்குப் பிறகு குரல் நின்றது. குளியலறையில் வெறும் மூச்சாகக் கடந்துபோன இடம் இங்கே கடந்துபோகவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு வண்டி போனது. அவள் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள், ஒரே சீராக.

இதற்கு அடுத்து வரப்போவது அவனுக்குத் தெரியும். மாமனாருக்குத் தெரியாது.

அண்ணன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "முடிஞ்சிருச்சா மாமா? தூக்கச் சொல்லவா?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"இரு. யோசிச்சுக்கிட்டு இருக்கா."

அண்ணன் பின்வாங்கி வெளியே ஏதோ சொன்னான். வண்டியின் உறுமல் நின்றது. சன்னல் கண்ணாடி அதிர்வது அடங்கியது. திரையில் இன்னும் ஐம்பது விநாடி மீதி இருந்தது.