பொன்னாடைக்குள் ஒரு ஃபைல்

மண்டபத்து வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் பூரணிக்கு வெள்ளையடித்திருந்தார்கள். காட்டூர் வெயிலில் வளர்ந்த முகத்துக்கு ரோஸ் நிறம் பூசி, கீழே 'நம்ம திருச்சிப் பெண், இன்று வியட்நாமில் இங்கிலீஷ் டீச்சர்' என்று போட்டிருந்தது. அவள் வியட்நாமிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆகிறது.

அவள் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்தது புகழுக்காக இல்லை, ஃபைலுக்காக. பத்தாவது மார்க் ஷீட் தொடங்கி எம்.ஏ. பட்டம் வரைக்கும் எல்லா ஒரிஜினலும் ஒரு நீல ஃபைலில் பீமராவிடம் இருந்தன. காலேஜ் முடித்த பிள்ளைகளை இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் அவர். அட்டெஸ்டேஷன் என்று சொல்லிப் போன வருடம் வாங்கினார். அதோடு சரி, கிணற்றில் போட்ட கல்தான். செவ்வாய்க்கிழமை காலை ஒரு பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு இருந்தது. ஒரிஜினலைக் காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். எத்தனை முறை போன் போட்டாலும் பீமராவிடம் ஒரே பதில்தான்.

"ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல மீட்டிங் வச்சிருக்கேம்மா. வந்து அஞ்சு நிமிஷம் உங்க அனுபவத்த நல்லபடியாச் சொல்லுங்க. மேடையிலயே ஃபைலக் கையில குடுத்துடறேன்."

அப்பா ரெங்கராஜ் முப்பது வருடம் ஃபேக்டரியில் சூப்பர்வைசர்களுக்குத் தலையாட்டியவர். அவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. "நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு வாங்கிட்டு வந்துரும்மா. வாய் என்ன தேஞ்சா போயிடும்?" என்றார்.

தேய்ந்து போகாதுதான். அழுகிப் போகலாம் அல்லவா? அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

போன வருடம் இதே மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் பூரணி உட்கார்ந்திருந்தாள். தாய்லாந்து போய் வந்த அமிர்தராஜ் என்பவன் மேடையில் தேன் ஒழுகப் பேசினான். பீமராவ் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஏதோ கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். இறங்கி வந்தவன் நேரே கைகழுவும் இடத்துக்குப் போய்த் திரும்பத் திரும்ப வாய் கொப்பளித்தான். "சாப்பாடு சரியில்லையா சார்?" என்று இவள் கேட்டாள். அவன் முகத்தைப் பார்க்காமலே "ஆமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலமே பூரணி தன் ஃபைலைப் பீமராவிடம் கொடுத்தாள்.

வியட்நாமில் அவள் போய்ச் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரி முதல் நாளே அவளுக்குப் பாலா (Paula) என்று வெள்ளைக்காரப் பெயர் வைத்தாள். லண்டனில் பிறந்தவள் என்று சொல்லச் சொன்னாள். வகுப்புக்குப் போகும் முன் கழுத்து வரைக்கும் பவுடர் அப்பிவிட்டாள். நான்கு வயதுக் குழந்தைகள் "மிஸ் பாலா, லண்டன்ல பனி பெய்யுமா?" என்று கேட்டபோதெல்லாம் இவள் பெய்யும் என்று புளுகினாள். பீமராவ் எடுத்துக்கொடுத்த டூரிஸ்ட் விசாவில் வேலை பார்க்கவே கூடாது என்பது அதிகாரிகள் சோதனைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது. இவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் கக்கூஸுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். மூன்று மணி நேரம். பதினோரு மாதத்தில் ஐந்து முறை அப்படி. அந்த ஃபினாயில் நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

"வாங்கம்மா, வாங்க. சாப்பிட்டீங்களா?" பீமராவ் கைகூப்பிக்கொண்டு வந்தார். மிரட்டவே தெரியாத மனிதர். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார். அவர் பின்னால் மேஜை மேல் பொன்னாடை மடிப்பாக இருந்தது. மடிப்புக்குள்ளிருந்து நீல ஃபைலின் முனை எட்டிப் பார்த்தது. அமிர்தராஜ் கையில் அன்று கொடுத்தது என்ன என்று பூரணிக்கு அப்போதுதான் விளங்கியது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது. அவருடையதா தன்னுடையதா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மேடையேறினாள். முன்வரிசையில் ஒரு பெண் பச்சை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரயில்வே யூனிஃபார்மில் அவள் அப்பா. பூரணி அவர்களைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினாள். குழந்தைகள் தங்கமானவர்கள் என்றாள், அது உண்மை. தங்குமிடம் அருமை, விசாவில் ஒரு குறையும் இல்லை, பீமராவ் சார் சொந்த அண்ணன் மாதிரி பார்த்துக்கொண்டார் என்றாள். பீமராவ் எழுதிக்கொடுத்ததைவிட நன்றாகவே பேசினாள். எம்.ஏ. படித்த வாய் அல்லவா.

கைதட்டினார்கள். பொன்னாடை தோளில் விழுந்தது, ஃபைல் கைக்கு வந்தது, கேமரா மின்னியது. "சிரிங்கம்மா" என்றார் பீமராவ். சிரித்துத் தொலைத்தாள்.

இறங்கி ஓரமாக நின்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. கால்கள் தாமாகக் கைகழுவும் இடத்துக்குப் போயின. பைப்பைத் திறந்து வாய் கொப்பளித்தாள். இன்னொரு வாய், இன்னும் ஒரு வாய். நாக்கில் ஒட்டியிருந்தது போகவே இல்லை.

"அக்கா."

திரும்பினாள். முன்வரிசைப் பெண் வெறுங்கையோடு நின்றிருந்தாள்.

"எம்பேரு தேவதர்ஷினிக்கா. எடமலைப்பட்டி புதூர். ஏஜென்ட்டுன்னாலே அப்பாவுக்குப் பயம். ஒரு வாரமா ஒரிஜினலத் தரக் கூடாதுன்னுட்டு இருந்தாரு. நீங்க பேசினதக் கேட்டு, அவரே போயி சார்கிட்ட குடுத்துட்டாரு." அவள் பூரணியின் நனைந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்னாச்சுக்கா, சாப்பாடு சரியில்லையா?"

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காட்டூர் போய்ச் சேரலாம், செவ்வாய்க்கிழமை சரிபார்ப்புக்குப் போகலாம். அடுத்த வருடம் இந்தப் பெண் இதே பைப்படியில் நிற்பாள்.

பூரணி பொன்னாடையால் வாயைத் துடைத்தாள். மட்டமான ஜரிகை உதட்டைப் பிராண்டியது. அதைக் கழற்றிக் கை கழுவும் தொட்டியிலேயே போட்டாள்.

"சாப்பாடு நல்லாத்தாம்மா இருக்கு. நான் பேசினதுதான் நாறுது. உங்கப்பாவக் கூட்டிக்கிட்டு வா, மூணு பேருமா உள்ள போயி உன் ஃபைல வாங்குவோம். அவர் குடுக்கலன்னா நான் மறுபடியும் மைக்கப் பிடிக்கறேன்."