பெயரிடாதது 20

என் கணவருக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. குப்பியைக் கண்டால் மூடி தேடும் கை. பேனா, பற்பசை, அலமாரி, என் வாய், எதையும் திறந்திருக்க விடமாட்டார். நானோ துணி துவைக்கும் இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்ப்பவள். என் கணினியில் பத்தொன்பது கோப்புகள் எந்நேரமும் திறந்தே கிடக்கும். ஒன்றையும் பெயர் வைத்துச் சேமித்ததில்லை. "பெயரிடாதது 1" முதல் "பெயரிடாதது 19" வரை. எது எங்கே என்று எனக்குத் தெரியும், போதாதா?

"இவளுக்கு எதையும் மூடத் தெரியாது" என்று என் அக்கா முன்னால் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாளாகப் பேச்சு இல்லை. டீ ஆறுகிறது என்பதைக்கூடச் சுவரிடம்தான் சொன்னேன்.

நாலாம் நாள் காலை கணினியில் நான் எழுதும் எடிட்டரைத் திறந்தால் திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு கோப்புகூட இல்லை. பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டிய கையேடு பதினான்காவதில் இருந்தது. மூன்று வார உழைப்பு.

"யாரு இதை மூடினது?" என்று சுவரிடம் கத்தினேன்.

சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் கை நின்றது. "நான்தான். சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு. வேணாம்னுட்டேன்."

"வேணாமா? அதுல என் பொழப்பே இருக்குங்க!"

நேராகப் பேசிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் மெனுவின் மூலையில் ஒரு வரி கண்ணில் பட்டது: "முந்தைய அமர்வை மீட்டெடு (சேமிக்காத கோப்புகளோடு)." நான் மூடினால்தானே மீட்க? அதனால் அதுவரை தொட்டதே இல்லை.

"ஐயோ, அதை அழுத்தாதே!" என்று அவர் ஓடி வந்தார்.

அழுத்தினேன்.

ஒவ்வொன்றாகக் கோப்புகள் வந்து உட்கார்ந்தன. பதினான்காவதில் என் கையேடு, நான் விட்ட அதே பாதி வாக்கியத்தோடு. போன உயிர் திரும்பியது. எண்ணிப் பார்த்தேன். மொத்தம் இருபது.

இருபதாவதைத் திறந்தேன்.

"உன்கிட்ட நேர்ல சொல்ல வாய் வரலை.
உங்க அக்கா முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா நீயும்
தப்பு என் மேலதான். ஆனா"

அந்த ஆனாவுக்குப் பக்கத்தில், அவர் விட்டுப் போன இடத்திலேயே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

அவர் முகத்தில் திருட்டு முழி. "எப்படி முடிக்கிறதுன்னு தெரியலை. நீ வர்ற சத்தம் கேட்டுச்சு. அதான் மொத்தமா மூடிட்டேன்."

மூன்று நாள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. கடைசி ஆனாவை அழித்தேன். மற்றதைத் தொடவில்லை. பிறகு, என் வாழ்நாளில் முதல் முறையாக, ஒரு கோப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமித்தேன்.

"என்ன பேர் வெச்சே?" என்று குனிந்து பார்த்தார்.

"அக்காவுக்கு அனுப்ப."