அம்மா உட்காரக் கூடாத மேஜை

சாவ் லானோடு ஊர் சுற்றப் போவதும் ஓடுகிற பேருந்தில் தொற்றிக்கொள்வதும் ஒன்றுதான். ஹாங்காங்கில் படகு ஏறும்போதே அவள் திட்டத்தைச் சொல்லிவிட்டாள். இறங்கியதும் எரிந்துபோன தேவாலயம், அப்புறம் கடல் தெய்வம் ஆ-மா கோயில், நடுவில் பன்றிக்கறி பன்னும் முட்டை டார்ட்டும், சாயங்காலம் கோபுரம், இருட்டியதும் சூதாட்ட ஹோட்டல்கள், ஆடும் நீரூற்று, அதற்கும் மேலே தெம்பிருந்தால் ஒரு பாட்டுக் கூடம். ஞாயிறு மதியம் திரும்பப் படகு. தூங்குவது எப்போது என்று யூக் சிம் கேட்டாள்.

"தூங்கணும்னா வீட்லயே கெடந்திருக்கலாமே! படகுக்குக் காசு குடுத்தா தூங்க வருவாங்க?" என்றாள் சாவ் லான்.

இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில்தான் வேலை. சாவ் லான் மக்காவு நகரத்தைப் பார்க்க வந்தாள். யூக் சிம் மகனைப் பார்க்க வந்தாள். ஒன்பது வயதில் விட்டுவிட்டுப் போன மகன். இப்போது இருபத்தேழு.

கதை ஒன்றும் புதிதில்லை. மக்காவில் வாழ்க்கைப்பட்டாள். புருஷன் சம்பாதித்ததையெல்லாம் சூதாட்ட மேஜையில் கொண்டுபோய்க் கொட்டினான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஹாங்காங் சமையல்காரன் ஒருவனோடு கடல் தாண்டினாள். ஓடிப்போனவள் என்று ஊர் சொன்னது, ஊர் சொன்னதில் பொய்யும் இல்லை. பையனை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அந்த அப்புறம் வரவே இல்லை. சமையல்காரனும் நாலு வருஷத்தில் கம்பி நீட்டிவிட்டான். போன் செய்தால் மாமியார் வைத்துவிடுவாள். பிறகு பையனே எடுத்து, குரலைக் கேட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வைக்க ஆரம்பித்தான். அதற்கு மேல் அவளுக்குத் தைரியம் இல்லை.

இந்த வருஷம் புருஷன் செத்த செய்தியைச் சொல்ல நாத்தனார் கூப்பிட்டாள். அவளிடமிருந்துதான் மகனின் போட்டோ கிடைத்தது. பெரிய ஹோட்டல் ஒன்றின் சூதாட்டக் கூடத்தில் சீட்டுப் போடுகிறான், மாலை ஷிப்ட். அப்பனை அழித்த மேஜைக்குப் பின்னால் போய் மகன் நிற்கிறான், விதியைப் பாருங்கள்.

"வீட்டுக்குப் போகாத அண்ணி, கதவத் தெறக்க மாட்டான். போனும் எடுக்க மாட்டான்" என்றாள் நாத்தனார்.

"அவன் மேஜையில போய் உக்காந்தா?"

"அய்யய்யோ. சொந்தக்காரங்க வந்து உக்காந்தா, ஒடனே மேற்பார்வை பாக்குறவங்களக் கூப்ட்டு, இவங்க எனக்கு இன்ன ஒறவுன்னு அவன் வாயால சொல்லணும். மறைச்சா வேலையே போயிடும்."

நாத்தனார் அதற்கப்புறமும் ஏதேதோ சொன்னாள். யூக் சிம்மின் காதில் எதுவும் ஏறவில்லை. 'அவன் வாயால சொல்லணும்' என்பதோடு அவள் காது அடைத்துக்கொண்டது. இவங்க எங்கம்மா. அந்த ஒரு சொல் போதும். மன்னிக்க வேண்டாம், வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம், கட்டாயத்துக்காவது வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லட்டும். அதற்காகத்தான் வந்தாள்.

பகல் முழுக்க சாவ் லான் இழுத்த இழுப்புக்கெல்லாம் போனாள். தேவாலயத்தில் முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது. படிக்கட்டில் ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். "முன்னாடி பாத்தா என்னா ஜோரு, பின்னாடி போனா ஒண்ணுமே இல்ல. நம்ம கேன்டீன் மேனேஜர் மாதிரி" என்றாள் சாவ் லான். முட்டை டார்ட் வரிசையில் நின்றார்கள், நாக்கைச் சுட்டுக்கொண்டார்கள். ஆ-மா கோயிலில் சுருள் ஊதுபத்திக்குக் கீழே யூக் சிம் கண்ணை மூடியது மூடியபடி நின்றாள். "சாமிக்கும் வேற வேல இருக்கும்டி, வா" என்று சாவ் லான் கையைப் பிடித்து இழுத்தாள். ஹோட்டல்காரர்கள் விடுகிற இலவசப் பேருந்துகளிலேயே ஊர் முழுக்கச் சுற்றினார்கள். ஒரு ஹோட்டலில் இறங்கி, பின்வாசல் வழியாகப் போய் அடுத்த ஹோட்டல் பேருந்தைப் பிடிப்பது சாவ் லானுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கோபுரத்துக்கு மட்டும் நேரம் இல்லாமல் போயிற்று.

மகன் வேலை செய்யும் ஹோட்டலுக்கு அவர்கள் வந்தபோது வெளியே இருட்டிவிட்டது. உள்ளே கூரையில் நீல வானமும் வெள்ளை மேகமும் வரைந்து வைத்திருந்தார்கள், பட்டப்பகல் போல இருந்தது. நாத்தனார் சொன்ன கூடத்தின் வாசலில் சாவ் லான் நின்றாள்.

"நான் இந்த மெஷின்ல ரெண்டு தட்டு தட்டிட்டு, அப்பிடியே கடைங்களப் பாக்குறேன். நீ போய் உன் புள்ளயப் பாரு. நீரூத்து கடைசி ஆட்டத்துக்குள்ள வந்துடணும், சொல்லிட்டேன். அழுது வடியாத, மை கலைஞ்சிடும்."

மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள் யூக் சிம். எல்லாப் பையன்களுக்கும் ஒரே கறுப்புச் சட்டை, ஒரே மாதிரி வாரிய தலை. கூடத்தின் கோடிக்கே வந்தபிறகுதான் அவனைப் பார்த்தாள். கீழுதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு சீட்டை இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டுப்பாடம் எழுதும்போது அப்படித்தான் கடிப்பான். மார்பில் குத்தியிருந்த அட்டையில் வெங் கெய் என்று பேர் இருந்தது. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் நிமிர்ந்தான். சீட்டுப் பெட்டியிலிருந்து இழுத்த சீட்டு கை நழுவி மேஜையில் விழுந்தது.

"என்ன தம்பி, தூக்கமா?" என்று பக்கத்திலிருந்த ஆள் கேட்டார், பேச்சிலேயே ஃபோஷான் ஊர்க்காரர் என்று தெரிந்தது. நல்ல பருமன், கழுத்தில் பச்சைக்கல் புத்தர்.

"மன்னிக்கணும் சார்" என்று சீட்டை எடுத்து வைத்தான்.

இப்போது கூப்பிடுவான் என்று யூக் சிம் காத்திருந்தாள். மேற்பார்வைக்காரி நாலு மேஜை தள்ளித்தான் நின்றாள், கையைத் தூக்கினால் போதும். அவன் தூக்கவில்லை. "பந்தயம் வைங்க" என்றான் எல்லோருக்கும் பொதுவாக. அவள் காசு கொடுத்து மாற்றி வந்திருந்த பந்தய வில்லைகளில் ஒன்றை எங்கேயோ வைத்தாள்.

"மேடம், கோட்டுக்குள்ள வைங்க."

பதினெட்டு வருஷம் கழித்து மகன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் வில்லையை நகர்த்தி வைத்தாள்.

ஃபோஷான்காரர் சீட்டை ஓரத்தில் பிடித்து, மயிரிழை மயிரிழையாக வளைத்துப் பார்த்தார். "ஊதுங்க! எல்லாரும் ஊதுங்க! புள்ளி போகட்டும்!" என்று கத்தினார். ஊதினால் சீட்டிலிருக்கும் புள்ளி பறந்துவிடும் என்று சூதாடிகளுக்கு ஒரு நம்பிக்கை, மேஜை முழுக்க ஊதியது. "அக்கா, நீயும் ஊதேன், வாயில கொழுக்கட்டையா?" யூக் சிம்மும் ஊதினாள். அவள் வைத்த பக்கம் ஜெயித்தது. மகன் வில்லைகளை அவள் பக்கம் தள்ளினான். நீளமான விரல்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தான். அந்தக் கையைப் பிடித்துத்தான் ஒரு காலத்தில் ரோடு தாண்டினோம் என்று நினைத்தாள்.

ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது. சீட்டுப் போடும் ஒவ்வொரு தடவையும், இப்போது சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று பார்த்தாள். மேற்பார்வைக்காரி மேஜைக்குப் பக்கத்தில் வந்தே இரண்டு முறை நின்றாள். அவன் கணக்குச் சொன்னான், சீட்டைப் புரட்டினான், உறவை மட்டும் சொல்லவில்லை. நடுவில் வேறொரு பையன் வந்து இவன் தோளைத் தட்டினான், ஓய்வுக்குப் போகச் சொல்லி. "இந்தப் பெட்டி முடியட்டும், நீ போ" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டான். இவளுக்கு அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது. தாய் எதிரே உட்கார்ந்திருப்பது இவனை ஒன்றும் செய்யவில்லை. மறைத்தால் வேலை போகும், போனால் போகட்டும், உன்னை அம்மா என்று சொல்ல மாட்டேன் என்று முகத்தில் அடிக்கிறான். அவ்வளவு வெறுப்பு. வெறுக்க அவனுக்கு உரிமை உண்டு என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தால் மட்டும் வலிக்காமல் இருந்துவிடுமா?

பெட்டி முடிந்தது. சீட்டுகளைக் கூட்டி வைத்தான். அந்த இன்னொரு பையன் மறுபடி வந்து நின்றான். மகன் கிளம்பப் போகிறான் என்று கண்டதும் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"ஆ கெய்! பெத்தவள அம்மான்னு சொல்ல அவ்வளவு கசக்குதாடா உனக்கு?"

மேற்பார்வைக்காரி தலையைத் திருப்பினாள், நடந்து வர ஆரம்பித்தாள். வெங் கெய் கழித்த சீட்டுகளை எடுப்பவன் போல இவள் பக்கமாகக் குனிந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"சொன்னா அப்பவே என்னை வேற மேஜைக்கு அனுப்பிடுவாங்கம்மா. கொஞ்ச நேரம் உன்னைப் பாத்துட்டு நிக்கலாம்னுதான் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னான். நிமிர்ந்துவிட்டான்.

ஓய்வைக்கூட விட்டுவிட்டு நின்றானே, இவளுக்காக நின்றானே! வேலையைப் பணயம் வைத்து அவன் சேர்த்து வைத்த அந்தக் கொஞ்ச நேரத்தை, பாவி, தன் வாயாலேயே கொட்டிவிட்டாள்.

"என்னங்க சத்தம்?" மேற்பார்வைக்காரி வந்துவிட்டாள். கறாரான முகம். "இவர் உங்களுக்கு ஒறவா?"

மகனின் மார்பு ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் போகிறான் என்று புரிந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"இல்லைங்க. எம் பையன் ஜாடையில இருந்தாரு, தடுமாறிட்டேன். வயசாயிடுச்சி, கண்ணு சரியா தெரியல."

"பேர் சொல்லிக் கூப்ட்டீங்களே?"

"சட்டையில எழுதியிருக்கே. கெய்னு முடியுதே. என் பையனும் கெய்தான்." சிரிக்கக்கூடச் சிரித்தாள்.

மேற்பார்வைக்காரி அவன் பக்கம் திரும்பினாள். "உனக்கு இவங்களத் தெரியுமா?"

அவன் அவளைப் பார்த்தான். அவ்வளவு நேரத்தில் அப்போதுதான் நேராக, முழுசாகப் பார்த்தான். சொல்லு என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். என்ன சொல்லக் கெஞ்சினாள்? தெரியாது என்று சொல்லு, கண்ணே, தெரியாது என்று சொல்லு.

"தெரியாது மேடம்" என்றான் வெங் கெய்.

"அட, அக்காவுக்குத் தோத்த சோகம்பா, விடுங்க" என்றார் ஃபோஷான்காரர். அவள் தோற்கவே இல்லை, முன்னால் வில்லைகள் குவிந்திருந்தன. ஆனாலும் நல்ல மனுஷர்.

"அம்மா, இன்னொரு தடவை இவர் இருக்குற மேஜைக்கு வராதீங்க. வந்தா வெளிய அனுப்ப வேண்டியிருக்கும்" என்றாள் மேற்பார்வைக்காரி.

"வரமாட்டேங்க."

சீட்டுப் போடுகிறவர்கள் மேஜையை விட்டுப் போகும்போது எதையும் ஒளித்து எடுக்கவில்லை என்று காட்ட வேண்டும், அது அங்கே வழக்கம். வெங் கெய் இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கை, புறங்கை இரண்டையும் மேலே இருந்த கேமராவுக்குக் காட்டினான். பிறகு திரும்பிப் பார்க்காமல் போனான். கேமரா பார்க்கிறதே, எப்படித் திரும்புவான்? அவளுக்கு அது புரிந்தது. புரிந்தும் அவன் முதுகு ஆட்களுக்குள் மறைகிறவரை, திரும்பிவிடமாட்டானா என்றுதான் நின்றாள்.

சாவ் லான் வாசலில் கை நிறையப் பைகளோடு நின்றாள். "என்னாச்சி? சொன்னானா?"

யூக் சிம் வாயைத் திறந்தாள். அம்மான்னு கூப்ட்டான்டி, எனக்காக நின்னான்டி என்று இந்தக் கூடமே அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் சாவ் லானுக்கு ஓட்டை வாய். நாத்தனார் நம்பரும் அவளிடம் இருக்கிறது, இன்றைக்கே அங்கே போகும், நாத்தனாரிடமிருந்து அவள் சீட்டுச் சிநேகிதிகளுக்குப் போகும், அவர்களில் யாருடைய பிள்ளை இதே ஹோட்டலில் வேலை செய்கிறானோ. ஊர் என்ன பெரிய ஊரா, உள்ளங்கை அகலம்.

"தெரியாதுன்னுட்டான்டி" என்றாள்.

"என்னது?"

"இவங்க யாருன்னே தெரியாதுன்னுட்டான்."

சாவ் லான் பைகளைத் தரையில் வைத்தாள். அப்புறம் ஆரம்பித்தவள்தான், நீரூற்றுக்குப் போகிற வழி முழுக்க நிறுத்தவில்லை. கல்நெஞ்சன் என்றாள், நன்றி கெட்ட நாய் என்றாள், அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கிறது என்றாள். "பத்து மாசம் சொமந்தவள எதிர்ல வெச்சிக்கிட்டுத் தெரியாதுங்கிறானே, அவன் வெளங்குவானாடி?"

யூக் சிம் சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "அப்பிடிச் சொல்லாத. அவன் நல்லா இருக்கட்டும்."

"இவ்வளவு நடந்தும் அவனுக்குப் பரிஞ்சி பேசுற பாரு. ரோஷமே கெடையாதா உனக்கு?"

"கெடையாது" என்றாள் யூக் சிம்.

நீரூற்றின் கடைசி ஆட்டம் தொடங்கியிருந்தது. பாட்டுக்குத் தகுந்தபடி தண்ணீர் எழும்பி எழும்பி விழுந்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சாவ் லான் இன்னும் திட்டிக்கொண்டே அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள், கண்ணைத் துடை, ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்வோம், இவ்வளவு தூரம் வந்ததற்கு என்றாள். யூக் சிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீருக்கு முன்னால் நின்றாள்.